பிஞ்ச் குருவிகள் திடீரென்று சாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த வீட்டுப் பறவைகள் பற்றிய கட்டுரை, பிஞ்ச் குருவிகளைத் தொந்தரவே இல்லாத செல்லப் பறவைகள் என்று வாசகர்களுக்கு அறிமுகம் செய்திருந்தது. சிறிய கூண்டு போதும், தினையும் தண்ணீரும் வைத்தால் போதும், கிளியைப் போலப் பழக்க வேண்டியதில்லை, கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டியதுமில்லை என்று அதில் சொல்லப்பட்டவற்றுள் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லவே இந்தக் கடிதம். கோயம்புத்தூரில் ஜீப்ரா பிஞ்ச், பெங்காலீஸ் ஆகிய இரண்டு வகைகளையும் நெடுங்காலமாக வளர்த்து வருகிறேன். அதனால் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக ஒரு ஜோடி வாங்கிவிட்டு, மார்கழிக் குளிரில் ஒன்றை இழந்துவிட்டுக் காரணம் கேட்டு வருபவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். 'நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் கூண்டின் அடியில் செத்துக் கிடக்கிறது' என்றே அவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அந்தப் பறவை பெரும்பாலும் நேற்றும் நன்றாக இருந்திருக்காது என்பதும், செத்தது பெட்டையாக இருந்தால் முதலில் முட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதும், அந்த முட்டைகளை ஓயாமல் இடச் செய்தது கூடாகப் பயன்படும்படி கூண்டோடு சேர்த்து விற்கப்பட்ட மண் கலயம்தான் என்பதும் என் கருத்து.

ஒரு ஜீப்ரா பிஞ்சின் எடை 12 முதல் 15 கிராம் வரைதான். உடல் வெப்பமோ 40 டிகிரி செல்சியசுக்கு மேல். அவ்வளவு சிறிய உடலில் அவ்வளவு சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள, அது விடிந்தது முதல் அடையும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டே இருந்தாக வேண்டும். ஒரு பகல் முழுவதும் இரை உள்ளே போகாவிட்டால் அடுத்த விடியலைக் காண்பது அரிது. அதோடு, திறந்த வெளியில் கூட்டமாக வாழ்ந்த பறவையின் வழிவந்தது என்பதால், தளர்ச்சியை வெளியே காட்டுவது ஆபத்து என்ற எச்சரிக்கை அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆள் கூண்டருகே வந்ததும், உப்பியிருந்த இறகுகளை ஒடுக்கிக்கொண்டு, குச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றிரண்டு முறை குரல் கொடுத்துங்கூடக் காட்டும்; நாம் நகர்ந்ததும் மறுபடி உப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடும். ஆகவே கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. அறையின் மறுகோடியில் அசையாமல் உட்கார்ந்து, பறவை நம்மை மறக்கும் வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.

நாட்டுக்கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு, சீக்குக் கோழி மூலையில் சொக்கி நிற்பதை அடையாளம் காண யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிஞ்சிலும் அதே சொக்கல்தான், அளவுதான் சிறியது. பகலில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இரண்டு காலையும் குச்சியில் ஊன்றியபடி தூங்குவது (நலமாக இருக்கும் குருவி பெரும்பாலும் ஒரு காலை மடக்கித் தூங்கும்), மற்றவை பறந்து திரியும்போது இது மட்டும் தாழ்ந்த குச்சிக்கோ கூண்டின் தரைக்கோ இறங்கிவிடுவது, மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுவது, ஜீப்ரா பிஞ்சில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ பளிச்சென்று இருக்க வேண்டிய அலகு வெளிறிப்போவது ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும். ஒரு நாள் பார்க்கலாம் என்று விடுவதற்கு இந்த உடலில் இருப்பு இல்லை.

தீனிக் கிண்ணம் ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். நோயுற்ற பிஞ்ச் கிண்ணத்தின் விளிம்பிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும்; அலகும் அசைந்துகொண்டிருக்கும்; பார்ப்பவர்கள் நன்றாகத்தான் தின்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது தினையை உரித்து உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. பிஞ்ச்கள் மணியைத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் விட்டுவிடுவதால், கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். ஊதிப் பார்த்தால் அடியில் ஒரு மணிகூட இருக்காது. தீனி இருக்கிறதே என்று எண்ணி வெளியூர் போனவர்கள் திரும்பி வந்து கண்ட சாவுகளுக்கு எந்த நோயும் காரணமில்லை. தினமும் உமியை ஊதிவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

எச்சத்தைப் பார்ப்பதற்குக் கூச்சப்படக் கூடாது. அது ஒரு நாளின் முழு அறிக்கை. (கூண்டின் அடியில் நாளிதழை விரிப்பதே எங்கும் வழக்கம், ஆசிரியர் மன்னிக்க வேண்டும், நிறம் பார்க்க அச்சில்லாத வெள்ளைத் தாள்தான் ஏற்றது.) நலமான குருவியின் எச்சத்தில் கரும்பச்சையோ பழுப்போ கலந்த உருண்டைப் பகுதி ஒன்று, அதன் மேல் வெள்ளைப் பகுதி ஒன்று, சுற்றிலும் சிறிது நீர் என மூன்றும் இருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், முழுதும் நீராகப் போனாலும், செரிக்காத தினை முழு மணியாகவே வெளிவந்தாலும், கருந்தார் போன்றோ இரத்தம் கலந்தோ இருந்தாலும், எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகில் ஒட்டிக் காய்ந்திருந்தாலும் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று பொருள். வெள்ளரிக்காயோ கீரையோ தின்ற அன்று எச்சம் நீராக இருப்பது இயல்பு, மறுநாள் சரியாகிவிடும். அதுபோல, முட்டையிடும் நாட்களிலும் அடைகாக்கும் நாட்களிலும் பெட்டையின் எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் இளகியும் இருக்கும். இவற்றை நோய் என்று பயந்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு.

எடையைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஏறக்குறைய இல்லை. ஆனால் அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு இப்போது அதிக விலையில்லை. விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மெதுவாகக் கையை விட்டுப் பறவையைப் பிடித்து, மூடியில் துளையிட்ட சிறிய டப்பாவில் வைத்து நிறுக்க வேண்டும். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. எனவே நெஞ்சை அழுத்திப் பிடித்தால் அந்தப் பிடியிலேயே உயிர் போய்விடும். 14 கிராம் இருந்த குருவி 12.5 கிராமுக்கு வந்திருந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு. தராசு இல்லாதவர்கள் நெஞ்செலும்பின் இருபக்கமும் விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம். சதை வற்றி எலும்பின் விளிம்பு மட்டும் கூர்மையாகத் தட்டுப்பட்டால், அந்தப் பறவை பல நாட்களாக நோயோடு இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி முட்டைக்கு வருகிறேன். ஜீப்ரா பிஞ்ச் ஓர் ஈட்டில், அதாவது ஒரு முறை தொடர்ந்து இடும்போது, வழக்கமாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒரு நாளைக்கு ஒன்று வீதம், பெரும்பாலும் விடிந்த சிறிது நேரத்துக்குள். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ ஒரு கிராம். ஐந்து முட்டை என்றால், ஒரு வாரத்துக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை அது முட்டையாக வெளியே தள்ளியிருக்கிறது. முட்டைக்குழாயில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம் ஓடு படிவதற்கே போகிறது. அந்த ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து அன்றைய தீனியிலிருந்து முழுமையாகக் கிடைத்துவிடாது. பெட்டை முன்கூட்டியே தன் எலும்புகளின் உட்புறத்தில் சேர்த்து வைத்திருக்கும் இருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்த இருப்புத் தீர்ந்த பிறகும் முட்டை உருவாகிக்கொண்டே இருந்தால் இரண்டு கேடுகள் சேர்ந்து வருகின்றன. ஓடு மெலிந்து, தோல் முட்டையாகவோ கோணல் முட்டையாகவோ ஆகிறது. அதே நேரத்தில், முட்டையை வெளியே தள்ள வேண்டிய தசைகளும் சுருங்கி விரிவதற்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் ஓய்ந்துவிடுகின்றன. முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். குளிர், உடல் பருமன், பறக்க இடமில்லாத கூண்டு, முதிராத வயது, ஓய்வில்லாமல் அடுத்தடுத்த ஈடுகள் ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

முட்டையிடப் போகும் நலமான பெட்டைக்கும் முட்டை சிக்கிய பெட்டைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்தான் உயிர் இருக்கிறது. முட்டையிடப் போகும் பெட்டைக்கு முந்தின மாலையில் அடிவயிறு சற்றுக் கனத்திருக்கும். காலையில் கலயத்துக்குள் இருக்கும். முட்டையிட்டதும் வெளியே வந்து தின்னும், சுண்ணாம்புச் சத்துக்காக வைத்திருக்கும் கணவாய் ஓட்டைக் கொத்தும், ஆணோடு சேர்ந்து உட்காரும். முட்டை சிக்கிய பெட்டையோ கலயத்தை விட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிடும், உப்பிக்கொண்டிருக்கும், வாலைத் தாழ்த்தி முக்கும், மூச்சு கனக்கும், எச்சம் வராது, வந்தாலும் துளித் துளியாக வரும். நெஞ்செலும்புக்கும் எச்சத் துவாரத்துக்கும் இடையே வீக்கம் வெளிப்படையாகத் தெரியும். நேரம் ஆக ஆக, உள்ளே இருக்கும் முட்டை கால்களுக்குப் போகும் நரம்புகளை அழுத்துவதால் கால்கள் அகன்றுபோய், குச்சியைப் பற்ற முடியாமல், ஒரு கால் இழுத்தும் போகலாம். கால் உடைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களின் பறவைக்கு முட்டைதான் காரணம் என்று தெரியவந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலையில் இருந்த இந்த நிலை நண்பகலிலும் மாறவில்லை என்றால் மாலை வரை காத்திருக்கக் கூடாது. இத்தனை சிறிய பறவை ஒரு நாளைத் தாண்டுவது கடினம்.

அப்போது வீட்டில் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைவானதே பலமுறை போதுமானதாக இருக்கிறது. முதலாவது சூடு. பெட்டையைத் தனியாகச் சிறிய கூண்டிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்து, ஒரு பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பெட்டியை முக்கால் பங்கு துணியால் மூட வேண்டும். துணி பல்பில் படக் கூடாது. உள்ளே 30 டிகிரி செல்சியசை ஒட்டி இருந்தால் போதும். சூடு அதிகமாகிவிட்டால் விலகிப் போக இடம் வேண்டும் என்பதால் பல்பை நடுவில் தொங்கவிடாமல் ஓரத்தில்தான் வைக்க வேண்டும். பறவை வாயைத் திறந்து இளைத்தாலோ சிறகை அகட்டினாலோ சூடு மிஞ்சிவிட்டது. எல்இடி விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் சூடு தராது. மின்தடை என்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். பெட்டிக்குள் ஈரத்துணி ஒன்றை வைத்தால் காற்றில் ஈரம் சேர்ந்து தசை இளகும். குச்சிகளை எடுத்துவிட்டுத் தரையிலேயே தீனியும் தண்ணீரும் எட்டும்படி வைக்க வேண்டும். அதற்குமேல் இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துணியை விலக்கிப் பார்ப்பது பறவைக்குச் செய்யும் உதவியாகாது.

செய்யக் கூடாதவற்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் தங்கள் பறவையை இழப்பது இங்கேதான். வயிற்றை அழுத்தி முட்டையைப் பிதுக்கவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டுகள் முட்டைக்குழாயைக் கிழிக்கும். கருவும் வெள்ளையும் வயிற்றறைக்குள் கசிந்தால் அழற்சி வந்து சாகும். முட்டையோடு குழாயும் வெளியே பிதுங்கி வந்துவிடுவதும் உண்டு. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். முட்டை இருக்கும் பாதை வேறு, எண்ணெய் போகும் பாதை வேறு. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பறவையின் வாயில் ஊற்றிய எண்ணெய் மூச்சுக்குழாயில் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் கையில் பிடித்துக் காட்டுவதால் தோல் வெந்துபோகும். சூடும் அமைதியும் கொடுத்து ஓரிரு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அவர் சுண்ணாம்புச் சத்தை ஊசி மூலம் ஏற்றலாம்; தசையைச் சுருங்கச் செய்யும் மருந்து தரலாம்; முட்டை கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தால் மெல்லிய ஊசியால் உள்ளிருப்பதை உறிஞ்சி ஓட்டைச் சுருக்கி எடுக்கலாம். இவை எதுவும் வீட்டில் செய்து பார்க்கும் வேலைகள் அல்ல.

வாலாட்டமும் மூச்சுத் திணறலும் முட்டையால் மட்டும் வருவதில்லை. சேவலுக்கும், அதாவது ஆண் குருவிக்கும், அதே அறிகுறி இருந்தால், அல்லது பெட்டையின் வயிற்றில் வீக்கமே இல்லாமல் இருந்தால், மூச்சுப் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூச்சுக்குழாயிலும் காற்றுப் பைகளிலும் குடியேறும் ஒரு வகை உண்ணி, கோல்டியன் பிஞ்ச்களையும் கேனரிகளையும் அதிகம் தாக்குகிறது. பாடிக்கொண்டிருந்த சேவல் பாட்டை நிறுத்திவிடும். இரவில் கூண்டருகே காதை வைத்தால் மூச்சோடு 'டிக் டிக்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். அலகைக் குச்சியில் தேய்த்துக்கொண்டும் தலையை உதறிக்கொண்டும் இருக்கும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் 14 கிராம் உடலுக்கு மருந்தின் அளவு ஒரு துளியின் ஒரு பகுதிதான் என்பதால், மாட்டுக்கு வாங்கி வைத்த பாட்டிலிலிருந்து எடுத்துத் தடவுவது கொலைக்குச் சமம்.

சந்தையில் விற்கும் மஞ்சள் நிற டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவை சற்றே உப்பி உட்கார்ந்தாலும் அந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைப்பது எல்லாக் கடைகளிலும் சொல்லித்தரப்படும் முதல் வைத்தியம். முட்டை சிக்கியதற்கோ உண்ணிக்கோ அது எந்த வகையிலும் உதவாது. நோயுற்ற பறவை அன்று எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாததால், உள்ளே போன மருந்தின் அளவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, டெட்ராசைக்ளின் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிப் பிணைத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஒரே நேரத்தில் அந்தப் பொடியையும் கணவாய் ஓட்டையும் கொடுப்பவர் இரண்டில் எதன் பலனையும் முழுதாகப் பெறுவதில்லை.

இவ்வளவும் நேர்ந்த பின் செய்ய வேண்டியவை. நேராமல் தடுக்கும் வழியோ மிக எளியது. ஆனால் அதைக் கேட்டதும் வளர்ப்பவர்களின் முகம் வாடிவிடுகிறது: கலயத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் அது. ஜீப்ரா பிஞ்சின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை மிகுந்தால் உடனே கூடு கட்டும், வறண்டுவிட்டால் நிறுத்திவிடும். நம் வீட்டுக் கூண்டில் தினை குறைவதில்லை, தண்ணீர் வற்றுவதில்லை, கலயம் எப்போதும் தொங்குகிறது. அதன் உடலுக்கு அது முடிவில்லாத மழைக்காலம். மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குஞ்சுகள் தாமாகத் தின்னத் தொடங்கும் முன்பே அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். இதைப் பெருமையாகச் சொல்பவர்களை நான் அறிவேன். ஆறு மாதம் நிறையாத பெட்டைக்குக் கலயம் கட்டக் கூடாது. ஒன்பது மாதம் ஆனால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. பிறகு கலயத்தையும் தேங்காய் நாரையும் எடுத்துவிட்டு, முடிந்தால் சேவலைத் தனிக் கூண்டில் வைத்து, பெட்டைக்கு ஓய்வு தர வேண்டும். குஞ்சு வேண்டாம் என்று இட்ட முட்டைகளை எடுத்து எறிவது எதிர்விளைவைத் தரும். குறைந்த முட்டையை ஈடுசெய்யப் பெட்டை மேலும் இட்டுக்கொண்டே போகும். முட்டைகளை அப்படியே விட்டோ போலி முட்டைகளை வைத்தோ, அது அடைகாத்துச் சலித்து விலகும் வரை விடுவதே சரி.

தீனியைப் பொறுத்தவரை, தினை, சாமை, பனிவரகு எல்லாம் நல்ல தானியங்களே. ஆனால் இவை எதிலும் முட்டையிடும் பறவைக்குத் தேவையான அளவு சுண்ணாம்புச் சத்து இல்லை. கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். பறவைக் கடைகளில் பளபளப்பான உறையில் கூடுதல் விலைக்கு விற்கும் அதே ஓடுதான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கிறது. கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். கோழி முட்டை ஓட்டை நன்றாகக் கொதிக்கவைத்து, உலர்த்தி, நுணுக்கியும் வைக்கலாம். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் வைத்த கூண்டுக்கு வெளிச்சம் கிடைக்குமே தவிர, வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. காலை வெயிலில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி, சிறிது நேரம் வெளியே வைப்பதே போதும். வெயில் படாத அடுக்குமாடி வீடுகளில் மட்டும் மருத்துவரைக் கேட்டு மருந்தாகத் தரலாம். அளவு மீறினால் வைட்டமின் டி நஞ்சு.

இனி, அரசும் கடைக்காரர்களும் செய்ய வேண்டியது. 2018ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி இத்தகைய கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு நடக்கும் இடங்களில், பெட்டையின் வயதைச் சொல்லாமல் ஜோடி விற்கக் கூடாது என்றும், வாங்குபவர் கேட்காமல் கலயம் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகளையாவது சேர்க்கலாம். பிஞ்ச் என்ற பெயரில் நம் வயல்வெளிப் புள்ளிச் சில்லைகளைச் சாயம் பூசி விற்பதும் சில சந்தைகளில் தொடர்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவ வசதியின் நிலை வியப்பானது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில் 1985 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பறவையின் முட்டைக்குழாயைப் பற்றி இந்த மாநிலத்துக்குத் தெரியாதது குறைவு. ஆனால் மாவட்டத் தலைநகரங்களின் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு ஒரு பிஞ்சைக் கொண்டுபோனால், இவ்வளவு சின்னப் பறவைக்கு வைத்தியமா என்ற சிரிப்புத்தான் பல நேரங்களில் கிடைக்கிறது. மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆடும் மாடும் வரிசையில் நிற்கும் இடம் அது. கால்நடைப் பராமரிப்புத் துறை தன் பன்முக மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு பிற்பகலைக் கூண்டுப் பறவைகளுக்கென ஒதுக்கி, அந்த நாளை முன்கூட்டியே அறிவித்தால் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. கொண்டுபோகும் வாசகர்களும் மருத்துவருக்கு உதவலாம்: பறவையின் வயது, கடைசி முட்டை இட்ட நாள், இந்த ஆண்டு இட்ட ஈடுகள், கொடுக்கும் தீனி, ஏற்கெனவே கொடுத்துவிட்ட மருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதி, அன்றைய எச்சம் படிந்த வெள்ளைத் தாளையும் மடித்து எடுத்துப் போக வேண்டும். குளிர்காற்று படாதபடி பெட்டியைத் துணியால் மூடி, ஓடும் பேருந்தின் சன்னலோரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் அடுத்த முறை கூண்டுப் பறவைகளைப் பற்றி எழுதும்போது, பறவை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, முட்டையிடும் பிஞ்சுக்குத் தர வேண்டிய சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவுகளை அவர் பெயரிலேயே வெளியிட வேண்டுகிறேன். என்னைப் போன்ற வளர்ப்பாளர்கள் அந்த அளவுகளை வாய்வழியாகச் சொல்லிப் பரப்புவது நல்லதல்ல. குளிர்காலம் தொடங்கும் முன்பே அது வெளிவந்தால் பலருக்கும் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்.